ஒரே கையில் எல்லா வாசல்களும்: இந்தியாவில் பொது இணையத்தின் தொடக்கமும் சந்தாதாரர்களின் நீண்ட மனக்குறையும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் லிமிடெட், சுருக்கமாக வி.எஸ்.என்.எல்., என்ற மத்திய அரசு நிறுவனத்தின் வழியே தொடங்கியது. அன்றிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், சந்தாதாரர்கள் இச்சேவையைப் பற்றிச் சொன்ன குறைகள் பெரிய அளவில் மாறவில்லை. கட்டணம் தாங்க முடியாதது, வேகம் போதாது, இணைப்புக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் நடுவில் அறுந்துபோகிறது, முறையிட்டால் கேட்பாரில்லை என்பவையே அவை. ஏழை நாடொன்றில் புதிய தொழில்நுட்பம் கால்கொள்ளும்போது இத்தகைய இடர்கள் இயல்பே என்று சொல்லி இக்காலத்தைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, வறுமையைவிடவும் தொழில்நுட்பக் குறைவைவிடவும் வலுவான ஒரு காரணம் தெரியவருகிறது. வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பி, வெளிநாட்டுடன் இணைக்கும் நுழைவாயில், கடலடி வடம் கரையேறும் நிலையம், உரிமம் வழங்கும் அதிகாரம், தகராறைத் தீர்க்கும் அதிகாரம் ஆகிய அனைத்தும் அரசின் ஒரே துறையிடமும் அதிலிருந்து பிரிந்த நிறுவனங்களிடமுமே குவிந்திருந்தன. அவற்றுள் ஒரு வாசல் திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அடுத்த வாசல் மூடியிருந்ததே இந்திய இணையத்தின் முற்பகுதி வரலாறு.

1885ஆம் ஆண்டுச் சட்டமும் காத்திருப்போர் பட்டியலும்

இந்த நிலைக்கு வேர், இணையத்துக்கு நூற்றுப் பத்து ஆண்டுகள் முற்பட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தன் நான்காம் பிரிவில், தந்திகளை அமைத்து, பராமரித்து, இயக்கும் உரிமை முழுவதையும் அரசுக்கு மட்டுமே உரியதாக்கி, விரும்பினால் பிறருக்கு உரிமம் தரலாம் என்ற வாய்ப்பையும் அரசிடமே விட்டது. தந்தி என்ற அச்சொல்லுக்குள் பிற்காலத்தில் தொலைபேசி, வானொலி அலை, கணினித் தரவு என எல்லாமே அடங்கின. 1882இல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று நகரங்களில் முதல் தொலைபேசி இணைப்பகங்களைத் திறந்தது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி என்ற தனியார் நிறுவனம்தான் என்றாலும், 1943இல் அம்மூன்று நகரங்களின் தொலைபேசி அமைப்புகளும் அரசுடைமையாயின. விடுதலையின்போது நாடு முழுவதும் இருந்த தொலைபேசிகள் சுமார் 80,000 மட்டுமே.

விடுதலைக்குப் பின் வந்த திட்டக் காலங்களில் தொலைபேசி வசதி படைத்தோரின் தேவையாகவே கருதப்பட்டதால், அதற்கு ஒதுக்கப்பட்ட முதலீடு தேவைக்கு வெகு கீழே நின்றது. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நடுத்தரக் குடும்பங்களில் வழக்கமாயிற்று. கூடுதல் வைப்புத்தொகை செலுத்துவோருக்கு முன்னுரிமை தரும் ஓ.ஒய்.டி. என்ற திட்டத்தில் சேர்ந்தோரும் பெரிய நகரங்களில் காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த தொலைபேசியும் மழைக்காலத்தில் 'டெட்' ஆவதும், லைன்மேனைத் தேடி இணைப்பகத்துக்கு நடப்பதும், பேசாத அழைப்புகளுக்குக் கட்டணச் சீட்டு வருவதும் அன்றைய நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகளுக்கு நீங்காப் பொருளாக இருந்தன.

1985இல் அஞ்சல் தந்தித் துறையிலிருந்து தொலைத்தொடர்புத் துறை தனியாகப் பிரிந்தது. மறு ஆண்டில் டெல்லி, பம்பாய் நகரங்களின் தொலைபேசிகள் எம்.டி.என்.எல். நிறுவனத்துக்கும், வெளிநாட்டுத் தொடர்புகள் வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கும் சென்றன. மதராஸ் உள்ளிட்ட நாட்டின் எஞ்சிய பகுதி முழுவதையும் தொலைத்தொடர்புத் துறையே நேரடியாக நடத்தியது. எண்பதுகளின் இறுதியில் தெருவுக்குத் தெரு முளைத்த எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்புப் பூத்துகள் தொலைபேசி இல்லாதவர்களுக்கும் பேசும் வாய்ப்பைத் தந்தன என்பதும், சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் உருவாக்கிய சிறிய இணைப்பகங்கள் தூசியிலும் வெயிலிலும் இயங்கி ஊர்ப்புறங்களை இணைத்தன என்பதும் மறக்கத்தகாத சாதனைகள். ஆயினும் 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வெளியானபோது, நூறு பேருக்குச் சுமார் 0.8 தொலைபேசி என்ற அளவிலேயே நாடு இருந்தது. உலகச் சராசரியோ நூற்றுக்கு 10. சுமார் 80 லட்சம் இணைப்புகள் இயங்கிய அந்நாளில் காத்திருந்தோர் 25 லட்சம் பேர். இணையம் வந்து சேர்ந்த வீடு இத்தகையது.

கல்விக்கூடங்களுக்குள் அடங்கிய வலை

பொதுமக்களுக்கு முன்பே இணையம் இந்தியாவில் இருந்தது. 1986இல் மத்திய மின்னணுத் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய எர்னெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னல், மதராஸ் ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களையும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தையும், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும் இணைத்தது. இந்நிறுவனங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் எண்பதுகளின் இறுதியிலேயே வெளிநாடுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினர். அறிவும் கருவியும் நாட்டில் இல்லை என்ற விளக்கம் இதனால் வலுவிழக்கிறது.

வளாகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு வழி அடைபட்டிருந்ததற்குக் காரணம் உரிமமே. ஒரு கணினியையும் சில தொலைபேசி இணைப்புகளையும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அழைத்துச் செய்தி எழுதவும் படிக்கவும் இடம் தரும் மின்னணுச் செய்திப் பலகைகளை ஆர்வலர்கள் சில நகரங்களில் நடத்திவந்தனர். லாப நோக்கமில்லாத அவற்றுக்கும் பெரும் உரிமக் கட்டணம் விதிக்கத் தொலைத்தொடர்புத் துறை தொண்ணூறுகளின் நடுவில் முற்பட்டபோது, கடும் எதிர்ப்பு எழுந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரு கணினிகள் பேசிக்கொள்வதும் அரசின் இசைவுக்குக் கட்டுப்பட்ட செயலாகவே இருந்தது.

250 மணி நேரத்தின் விலை

வி.எஸ்.என்.எல். தொடங்கிய சேவைக்கு கேட்வே இணைய அணுகல் சேவை என்று பெயர். மதராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகிய பெருநகரங்களில் அது முதலில் கிடைத்தது. சந்தாதாரர் தம் கணினியுடன் மோடம் என்ற கருவியை இணைத்து, அதன் வழியே வி.எஸ்.என்.எல். எண்ணைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மோடம் கணினியின் தரவை ஒலியாக மாற்றிக் குரலுக்கென அமைக்கப்பட்ட கம்பியில் அனுப்பும். டயல்-அப் எனப்பட்ட இம்முறையில், தொடக்கத்தில் கிடைத்த வேகம் பெரும்பாலும் நொடிக்கு 9.6 கிலோபிட். எழுத்துகளைப் படிக்க அது போதும். ஒரு சிறிய படம் திரையில் முழுமையாகத் தோன்றப் பல நிமிடங்கள் ஆகும்.

கணக்குகள் இருவகையாக இருந்தன. ஷெல் கணக்கு எனப்பட்ட முதல் வகையில், சந்தாதாரரின் கணினி வெறும் முனையமாக இயங்கி, வி.எஸ்.என்.எல். கணினியில் ஓடும் நிரல்களின் எழுத்துகளை மட்டும் காட்டும்; படமோ எழுத்துருவோ அதில் வராது. டி.சி.பி./ஐ.பி. கணக்கு எனப்பட்ட இரண்டாம் வகையே கணினியை நேரடியாக இணையத்தின் உறுப்பாக்கிப் படங்களையும் காட்டியது. 250 மணி நேரத்துக்கு ஷெல் கணக்கு சுமார் 5,000 ரூபாய், டி.சி.பி./ஐ.பி. கணக்கு சுமார் 15,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு அதைவிடவும் கூடுதல் என்று கட்டணம் அமைந்தது. படங்களுடன் இணையத்தைப் பார்ப்பதற்கான இத்தொகை, அன்றைய இந்தியரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிட அதிகம். மாணவர்களுக்கென்று ஆண்டுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு தரப்பட்டதும், அதன் வழியே ஒரு தலைமுறை இணையத்தைக் கண்டதும் உண்மையே.

இக்கட்டணத்துக்கு மேல், இணைந்திருக்கும் நேரமெல்லாம் தொலைபேசி அழைப்புக்கும் தனிக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. சேவை முனையம் இல்லாத ஊரில் இருந்தவர் பெருநகரத்துக்கு எஸ்.டி.டி. அழைப்பிட வேண்டியிருந்ததால், மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்த ஒருவருக்கு இணையக் கட்டணத்தைவிடத் தொலைபேசிக் கட்டணமே பெருஞ்சுமையாகும் நிலை இருந்தது. முதல் சில வாரங்களிலேயே வி.எஸ்.என்.எல். அமைத்திருந்த மோடங்களும் இணைப்புகளும் போதாமற்போயின. மீண்டும் மீண்டும் அழைத்தும் மறுமுனை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒலியே கேட்டது. இணைப்புக் கிடைத்தவருக்கும் பழைய கம்பியின் இரைச்சலால் அது அறுந்துபோனது. அவ்வாறு அறுந்த பிறகு மீண்டும் அழைப்பதற்கும் சந்தாதாரரே பணம் செலுத்தினார். வீட்டுக் கம்பி தொலைத்தொடர்புத் துறையினுடையது, நுழைவாயில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தினுடையது என்பதால், குறை யாருடையது என்பதைக்கூட அவரால் நிலைநாட்ட முடியவில்லை.

தமிழுக்கும் இதனால் ஓர் இழப்பு நேர்ந்தது. ஷெல் கணக்கின் திரையில் தமிழ் எழுத்துரு தோன்றாது. தோன்றும் கணக்கோ எட்டாத விலையில் இருந்தது. இணையத்தில் தமிழின் தொடக்கப் பணிகளில் முதன்மையானவை வெளிநாடுகளில் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கியது. எழுத்துருக் குறியீடுகளையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்தும் முயற்சிக்கு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு பெரிய களமாயிற்று. ஆனால் அதற்குள் புலம்பெயர்ந்தோர் சில ஆண்டுகள் முன்னே சென்றிருந்தனர்.

வி.எஸ்.என்.எல். பொறியாளர்கள் திறமையற்றவர்களோ அக்கறையற்றவர்களோ அல்லர். எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக எழுந்த தேவையைச் சமாளிக்க அவர்கள் தொடர்ந்து வசதியைக் கூட்டினர். கோளாறு அமைப்பில் இருந்தது. அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளிலிருந்து வந்தது. இணையமோ அதே குரலை மிகக் குறைந்த செலவில் கடல் கடத்தக்கூடியது. எனவே இணையத்தின் வழியே பேசுவது 2002 மார்ச் வரை இந்தியாவில் தடை செய்யப்பட்டிருந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்த கணவரிடமோ மகனிடமோ பேச, பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வார்த்தையை எண்ணிப் பேசிய குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். மலிவான வழி கையெட்டும் தூரத்தில் இருந்தும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டதற்குக் காரணம், பழைய பண்டத்தையும் அதற்கு மாற்றான புதிய பண்டத்தையும் விற்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்ததுதான்.

1998: சில்லறை விற்பனையின் வாசல்

1998 நவம்பரில் மத்திய அரசு இணையச் சேவையில் தனியாரை அனுமதித்தது. நாடு முழுமைக்கும், மாநிலம் அல்லது பெருநகரத்துக்கும், அதனினும் சிறிய தொலைபேசிப் பகுதிக்கும் என மூவகை உரிமங்கள் வகுக்கப்பட்டன. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு ரூபாய் என்றும் விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளைய சிஃபி, தன் சேவையைத் தொடங்கி, வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு எதிராக நின்ற முதல் பெரிய தனியார் நிறுவனமாயிற்று. 1999 அக்டோபரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது.

போட்டி வந்ததும் நேர்ந்த மாற்றம் கண்கூடானது. 1998 மார்ச்சில் சுமார் 1,40,000 ஆக இருந்த சந்தாதாரர் எண்ணிக்கை, 1999 மார்ச்சில் சுமார் 2,80,000 ஆகவும், 2000 மார்ச்சில் சுமார் 9 லட்சமாகவும், 2001 மார்ச்சில் சுமார் 30 லட்சமாகவும் உயர்ந்தது. கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு வீழ்ந்தன. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு, தமிழகத்தின் சிற்றூர்களில்கூடத் திறக்கப்பட்ட பிரவுசிங் சென்டர்கள் மணிக்கணக்கில் இணையத்தை வாடகைக்குத் தந்தன. பொறியியல் கலந்தாய்வின் விவரமும் தேர்வு முடிவும் வேலை விண்ணப்பமும் அங்குதான் பார்க்கப்பட்டன. சென்னையில் டிஷ்நெட் நிறுவனம், தொலைபேசிக் கம்பியிலேயே குரலுக்குப் பயன்படாத உயர் அலைவரிசைகளில் தரவைச் செலுத்தும் டி.எஸ்.எல். முறையை இந்தியாவிலேயே முன்னோடியாக அறிமுகப்படுத்தியது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், செப்புக் கம்பி இழுக்காமலே ஊர்களுக்குத் தொலைபேசியையும் நொடிக்கு 35 கிலோபிட் அளவில் இணையத்தையும் ஒருசேரத் தந்தது. அதைக் கொண்டு மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001ஐ ஒட்டி அமைக்கப்பட்ட கிராம இணைய நிலையங்களில், அரசுச் சான்றிதழ் விண்ணப்பம் முதல் கண் மருத்துவ ஆலோசனை வரையிலான சேவைகள் முயன்று பார்க்கப்பட்டன. மாற்று வழிகள் இந்நாட்டிலேயே, அதுவும் தமிழ் மண்ணிலேயே பிறக்கக்கூடியவை என்பதற்கு இவை சான்று.

ஆனால் திறக்கப்பட்டது சில்லறை விற்பனையின் வாசல் மட்டுமே. புதிய நிறுவனங்கள் வெளிநாட்டு இணைப்பை முதலில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்திடமும், உள்ளூர்க் கம்பிகளைத் தொலைத்தொடர்புத் துறையிடமும் வாங்க வேண்டியிருந்தது. விற்பவர்கள் இருவரும் அதே சந்தையில் அவற்றின் போட்டியாளர்கள். கொள்கை வகுப்பவர், உரிமம் தருபவர், சேவை நடத்துபவர் என்ற மூன்று பாத்திரங்களையும் தொலைத்தொடர்புத் துறையே ஏற்றிருந்தது. 1997இல் தொடங்கப்பட்ட ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அத்துறையையே கட்டுப்படுத்த முயன்றபோது அதன் அதிகார எல்லை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. 2000இல் சட்டம் திருத்தப்பட்டு, தகராறுகளுக்கென டி.டி.சாட் என்ற தீர்ப்பாயம் தனியே அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, துறையின் சேவைப் பிரிவு பாரத் சஞ்சார் நிகம் லிமிடெட், அதாவது பி.எஸ்.என்.எல்., என்ற நிறுவனமாயிற்று.

கடற்கரையின் வாசல்

அந்நாளில் இந்தியர் பார்த்த பக்கங்களில் பெரும்பான்மை வெளிநாட்டுக் கணினிகளில் இருந்ததால், கடலடி வடத்தின் விலையே இணையத்தின் விலையைப் பெரிதும் தீர்மானித்தது. உள்நாட்டுப் போக்குவரத்தும் இதற்கு விலக்கல்ல. இரு இந்திய நிறுவனங்களின் வலைகள் உள்நாட்டில் சந்தித்துக்கொள்ளப் பொதுவான இடம் இல்லாமையால், சென்னையின் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குச் செல்லும் மின்னஞ்சல்கூட வெளிநாடு சென்று திரும்ப நேர்ந்தது. இரு முறை கடல் கடந்த செலவைச் சந்தாதாரர் சுமந்தார். இதைத் தீர்க்க நிக்ஸி என்ற உள்நாட்டுப் பரிமாற்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது 2003இல்தான்.

வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். கொண்டிருந்த முற்றுரிமை, அதாவது வேறெவரும் அத்தொழிலில் இறங்க முடியாதபடி சட்டம் அளித்த காப்பு, 2002 மார்ச் இறுதியுடன் முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அரசு அதன் 25 விழுக்காட்டுப் பங்கையும் நிர்வாகத்தையும் 1,439 கோடி ரூபாய்க்கு டாடா குழுமத்திடம் ஒப்படைத்தது. உரிமையாளர் மாறினாலும் வாசலின் தன்மை மாறவில்லை. கடலடி வடங்கள் கரையேறும் மும்பை நிலையங்கள் அந்நிறுவனத்திடமே இருந்தமையால், அவ்வடங்களில் பங்கு வாங்கிய பிறரும் நிலையத்துக்குள் நுழைய அதன் இசைவையே நாடினர். 1997இல் மும்பையில் கரையேறிய ஃபிளாக் வடத்தின் கொள்ளளவைப் பெருக்குவது பற்றிய தகராறு, பன்னாட்டு நடுவர் மன்றம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வடத்தின் கண்ணாடி இழைகளில் இடம் காலியாக இருக்கும்போதே நாட்டுக்குள் இணையம் பற்றாக்குறையாக விற்கப்பட்டது என்பது இக்காலத்தின் மிகக் கசப்பான உண்மை.

இங்கும் சென்னைக்கு ஓர் இடமுண்டு. 2002இல் பாரதி நிறுவனமும் சிங்டெல் நிறுவனமும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இட்ட ஐ2ஐ வடம், இந்தியாவின் வெளிநாட்டு இணைப்புக்கு மும்பை சாராத பெருவழியைத் திறந்தது. அதைத் தொடர்ந்து 2004இல் டாடாவின் சென்னை–சிங்கப்பூர் வடமும், அடுத்து சீ-மீ-வீ 4 வடமும் சென்னைக் கரையைத் தொட்டன. 2005இல், நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டுத் தனிச்சுற்றுகளின் கட்டணத்துக்கு டிராய் உச்சவரம்பு விதித்தது. கரையேறும் நிலையங்களில் பிறருக்கு இடமளிக்க வேண்டும் என்ற விதியை 2007இல் கொண்டுவந்தது. பொது இணையம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே கடற்கரையின் வாசல் சட்டப்படி திறந்தது.

வீட்டு வாசலின் கம்பி

எஞ்சியது, இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு வரும் செப்புக் கம்பி. 2004 ஏப்ரலில் டிராய் அளித்த பரிந்துரைகளில் இன்றியமையாதது, இக்கம்பியைப் பிற நிறுவனங்களும் நியாயமான வாடகைக்குப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்பதாகும். அன்று நாட்டிலிருந்த நான்கு கோடிக்கும் மேற்பட்ட நிலைத்தொலைபேசி இணைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய இரு அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன. பொதுப்பணத்தில் இழுக்கப்பட்ட அக்கம்பிகளைப் பலரும் பயன்படுத்தினால் போட்டியும் வேகமும் பெருகும் என்பது ஆணையத்தின் வாதம். 2004 அக்டோபரில் வெளியான அகன்ற அலைவரிசைக் கொள்கை இதை ஏற்கவில்லை. கம்பியைப் பகிர வேண்டும் என்ற கட்டாயம் விதிக்கப்படாமல், அது கம்பியை உடைய நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

அந்த மறுப்புக்குப் பின்னால் முற்றிலும் தள்ளிவிட முடியாத ஒரு நியாயமும் இருந்தது. லாபம் தராத கிராமங்களுக்கும் மலைப்பகுதிகளுக்கும் கம்பி இழுத்தது பி.எஸ்.என்.எல். மட்டுமே, நகரத்தின் கொழுத்த வருவாயைத் தனியார் எடுத்துச் சென்றால், அப்பொறுப்பைச் சுமக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று அதன் ஊழியர் சங்கங்கள் கேட்டன. இக்கேள்விக்குரிய விடை, கிராமச் சேவைக்கென அரசு வெளிப்படையாக நிதி தருவதாக இருந்திருக்கலாம். அதற்கு மாறாக, போட்டியைத் தடுப்பதன் வழியே அச்செலவு எல்லாச் சந்தாதாரர் மீதும் மறைவாக ஏற்றப்பட்டது.

விளைவு எண்களில் தெரிகிறது. கொள்கை நிர்ணயித்த இலக்கு 2005 இறுதியில் 30 லட்சம், 2007 இறுதியில் 90 லட்சம், 2010இல் 2 கோடி அகன்ற அலைவரிசை இணைப்புகள். எட்டப்பட்டதோ 2005 இறுதியில் சுமார் 9 லட்சம், 2007 இறுதியில் 31 லட்சத்துக்குச் சற்று மேல், 2010 இறுதியில் சுமார் 1 கோடியே 10 லட்சம். அகன்ற அலைவரிசை என்பதற்கே நொடிக்கு 256 கிலோபிட் போதும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அது 512 கிலோபிட்டாக உயர்ந்தது 2013இல்தான்.

2005இல் தொடங்கிய பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் சேவை, டயல்-அப்பிலிருந்து விடுதலை தந்தது என்பதால் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் மலிவான திட்டங்களில் மாதத்துக்குச் சில நூறு மெகாபைட் மட்டுமே அனுமதி. அதற்கு மேல் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம். வைரஸ் ஒழிப்பு நிரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதற்குக்கூட ஆயிரக்கணக்கான ரூபாய் கட்டணச் சீட்டு வந்த வீடுகள் இருந்தன. பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்ற சலுகைக்காக விழித்திருந்து பாடங்களைத் தரவிறக்கிய மாணவர்கள் பலர். டி.எஸ்.எல். வேகம் கம்பியின் நீளத்தையும் தரத்தையும் பொறுத்தது. இணைப்பகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கும், மழைநீர் புகுந்த இணைப்பு முடிச்சைத் தாண்டிய தெருவுக்கும், விளம்பரத்தில் சொன்ன வேகம் ஒருபோதும் வந்து சேரவில்லை. தனியார் நிறுவனங்கள் சந்தைக்கு வந்த பின்னும், 'அன்லிமிடெட்' என்று விற்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகத்தைக் குறைக்கும் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை எங்கும் பரவியது.

முறையீட்டின் வாசல்

எல்லாவற்றிலும் தாமதமாகத் திறந்தது முறையீட்டின் வாசல். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் எளிய மன்றங்களை அமைத்தபோது, தொலைபேசிக் குறைகள் அங்கு குவிந்தன. ஆனால் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7பி பிரிவு, தொலைபேசிக் கம்பி, கருவி பற்றிய தகராறுகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடமே கொண்டுசெல்ல வேண்டும் என்றும், அவர் தீர்ப்பே முடிவானது என்றும் கூறியது. சேவையை நடத்துவதும் அரசு, நடுவரை நியமிப்பதும் அரசு. 2009 செப்டம்பரில், பொது மேலாளர், தொலைத்தொடர்பு எதிர் எம். கிருஷ்ணன் என்ற வழக்கில், 7பி பிரிவு இருப்பதால் நுகர்வோர் மன்றங்கள் இத்தகராறுகளை விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைக் காட்டி, அரசு நிறுவனமல்லாத சேவையாளர்களும் நுகர்வோர் மன்றங்களில் விலக்குக் கோரினர்.

2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில், 7பி பிரிவு நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதோடு இந்த வாசல் மீண்டும் திறந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், இணையவழித் தீர்வு முறை ஒன்றை வகுத்து, அது நுகர்வோர் சட்டத்தின் கீழான உரிமையைப் பாதிக்காது என்று கூறுகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அலைந்து சலித்து விட்டுக்கொடுத்த சந்தாதாரர்களுக்கு எந்த இழப்பீடும் இல்லை.

இன்றைக்கான படிப்பினை

2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ வந்த பின் செல்பேசித் தரவின் விலை உலகின் மிகக் குறைந்த விலைகளுள் ஒன்றாக வீழ்ந்தது; தொண்ணூறுகளின் துன்பம் இளையோருக்குப் பழங்கதையாயிற்று. ஆனால் அதே போட்டியில் பல நிறுவனங்கள் மறைந்தும் இணைந்தும் போக, இன்று செல்பேசிச் சந்தாதாரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஜியோ, ஏர்டெல் என்ற இரு நிறுவனங்களிடம் இருக்கின்றனர். 4ஜி அலைக்கற்றை உரிய காலத்தில் கிடைக்காமல் பின்தங்கவிடப்பட்ட பி.எஸ்.என்.எல்., அவற்றுக்கு எதிர்ப்பலமாக நிற்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தது. 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தியபோது, சந்தாதாரர்கள் செல்வதற்கு வேறிடம் மிகக் குறைவாகவே இருந்தது.

முற்றுரிமையின் தீமை அரசுடைமையில் பிறப்பது என்று எண்ணித் தனியாரிடம் ஒப்படைத்தால் போதும் என்பது ஒரு பிழை. தனியாரின் பேராசையே காரணம் என்று எண்ணி அரசிடம் திருப்பினால் போதும் என்பது மற்றொரு பிழை. வி.எஸ்.என்.எல். அரசிடம் இருந்தபோதும் டாடாவிடம் சென்றபோதும் கரையேறும் நிலையத்தின் கதவு ஒரே மாதிரியாகவே மூடியிருந்தது என்பதே இவ்வரலாறு தரும் உறுதியான சான்று. பலரும் கடந்தே தீரவேண்டிய வாசலை வைத்திருப்பவர், அதன் கட்டணத்தையும் விதியையும் தாமே தீர்மானிக்கக் கூடாது. அவர் மீது வரும் முறையீட்டை அவர் சார்பில்லாத மன்றம் ஒன்று, சாமானியர் எட்டக்கூடிய தூரத்தில், காலத்தோடு விசாரிக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு புதிய தொழில்நுட்பம் வந்தாலும் பழைய குறையே திரும்ப வரும். விலை குறைந்திருக்கும் இக்காலத்திலேயே இவற்றைக் கேட்டுப் பெறுவது சந்தாதாரர்களின் கடமை. வாசல்கள் மீண்டும் ஒன்றிரண்டு கைகளில் இறுகிய பின் கேட்பதற்கு என்ன விலை என்பதை 1995 முதல் 2010 வரையிலான ஆண்டுகள் போதிய அளவு காட்டிவிட்டன.